கண்டவரா, கேட்டவரா?

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையினாற் சுற்றி, டைனமோவிலிருந்து பிறக்கும் மின்சாரத்திலே வானொலி கேட்டவர்கள் நாம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றுபோயிற்று. தொலைபேசி இல்லை. மின்கலங்களுக்குத் தடை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். நாளிதழ்கள் பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. இரவானதும் அயலவர் ஒரு முற்றத்திற் கூடுவர். ஒருவர் மிதியைச் சுற்ற, ஏனையோர் பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாஸ் வானொலிக்கும் காதுகொடுப்பர். சுற்றுபவரின் கை சோர்ந்தாற் செய்தியும் சோர்ந்துவிடும்.

அதே நாம் இன்று ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கின்றோம். கைப்பைக்குள் ஒரு கைத்தொலைபேசி கிடக்கின்றது. கிளிநொச்சியில் மழை தொடங்கினால், அது ஓயுமுன்னரே எமக்குப் படம் வந்துவிடுகின்றது. இந்த இரண்டு கருவிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஓர் ஆசிரியை கற்றுக்கொண்டவற்றையும், தான் கற்பித்ததையே மறந்து ஒருமுறை தவறிழைத்ததையும் இங்கு எழுத விரும்புகின்றோம். தன் தவறை எழுதுவது எவருக்கும் எளிதன்று. எனினும் எமது வீடுகள் அனைத்திலும் இன்று அதே கருவி இருக்கின்றமையால், எழுதாமல் விடுவது அதனிலும் பெரிய தவறாகிவிடும்.

கரும்பலகையில் மூன்று கேள்விகள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் வரலாறு பயின்று, 1993இல் ஆசிரிய நியமனம் பெற்றோம். வதந்திகள் மலிந்த காலம் அது. "இன்றிரவு குண்டு போடப்போகின்றார்களாம்", "நாளை பாதை திறக்கிறதாம்", "கிளாலியில் இத்தனை வள்ளம் கவிழ்ந்ததாம்" என்று நாள்தோறும் ஒவ்வொரு கதை வகுப்பறைக்குள் வந்து சேரும். பிள்ளைகளை அடக்கிப் பயனில்லை. ஆகவே, அக்கதைகளையே பாடமாக்கினோம். வரலாற்று மூலாதாரங்களை எவ்வாறு சோதிப்பது என்று பல்கலைக்கழகத்தில் எமக்குக் கற்பித்ததைச் சுருக்கி, மூன்று கேள்விகளாகக் கரும்பலகையில் எழுதினோம்.

சொல்பவர் யார்? அவர் கண்டவரா, கேட்டவரா? அவர் சொல்வதை நாம் நம்பி நடந்தால் யாருக்கு என்ன நேரும்?

மகாவம்சத்தை வாசிக்கும்போதும் இவைதாம் கேள்விகள். சந்தியில் ஒருவர் சொல்லும் கதையைக் கேட்கும்போதும் இவைதாம் கேள்விகள் என்று சொல்வோம். மாணவர்கள் விரைவிலே பழகிக்கொண்டனர். எவரேனும் "ஆம்" விகுதியோடு பேச்சை ஆரம்பித்தால், பின்வாங்கிலிருந்து ஒரு குரல் "கண்டவரோ, கேட்டவரோ?" என்று எழும். வகுப்பே சிரிக்கும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. மழையிலே நாவற்குழிப் பாலத்தினூடாக இலட்சக்கணக்கான மக்கள் அடிமேல் அடிவைத்து நகர்ந்த அந்த இரவை இங்கு விபரிக்க வேண்டியதில்லை. வாசகர்களுட் பலர் அங்கு நடந்தவர்களே. அதன்பின்னர் வன்னியில், மரநிழலில், கரும்பலகையும் இல்லாத வகுப்பிலே அந்த மூன்று கேள்விகளை மணலில் எழுதிக் கற்பித்தோம். அந்த வகுப்பில் இருந்த ஒரு மாணவி இக்கட்டுரையில் மீண்டும் வருவார்.

அரைப்புள்ளியாகிப் போன அம்மா

1999இல் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தோம். பட்டமும் நியமனக் கடிதமும் பெட்டிக்குள் உறங்க, தொழிற்சாலை ஒன்றிலே பொதி கட்டும் வேலை கிடைத்தது. தொழில்நுட்பம் என்று எமக்கு அப்போது தெரிந்தது தொலைபேசி அட்டை ஒன்றே. தமிழ்க் கடையில் ஐந்து டொலருக்கு வாங்கிய அட்டையின் இலக்கங்களைச் சுரண்டி, நீண்ட எண் வரிசையை அழுத்தி, வவுனியாவிலுள்ள தொலைத்தொடர்பு நிலையத்தில் குறித்த நேரத்துக்கு வந்து காத்திருக்கும் அம்மாவுடன் பேசுவோம். "எத்தனை நிமிடம் இருக்கு?" என்பதே அம்மாவின் முதற்கேள்வியாக இருக்கும்.

2003இல் பழைய கணினி ஒன்று வீட்டுக்கு வந்தது. அதிலே தமிழை எழுத முனைந்தபோதுதான் எமது மொழி கடந்துவந்த வழியின் கடுமை விளங்கியது. அன்று ஈழத்தமிழரிடையே பெரிதும் புழங்கியது பாமினி எழுத்துரு. தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை ஒட்டி அமைந்த அதனைக் கற்க எமக்கு இரண்டு மாதங்கள் ஆயின. கற்றபின்னரும் ஒரு தொல்லை இருந்தது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஓர் ஏற்பாடு. பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில், நாம் எழுதியது வேறொன்றாகத் தெரியும். "அம்மா" என்று தொடங்கி அண்ணனுக்கு எழுதிய மின்னஞ்சல், இடையிலே ஓர் அரைப்புள்ளியோடு கூடிய ஆங்கிலப் பிதற்றலாகப் போய்ச் சேர்ந்தது. "உனக்கு என்ன நடந்தது?" என்று அண்ணன் இலண்டனிலிருந்து தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

இத்தொல்லைக்கு முன்னோரும் முகங்கொடுத்திருந்தனர். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள், தமிழின் 247 எழுத்துகளை ஒரு தட்டச்சுப் பொறிக்குள் அடக்குவது எங்ஙனம் என்று ஆண்டுக்கணக்கில் முயன்றவர். ஓர் எழுத்தின் மேற்குறியை அடித்தபின்னரும் தாள் நகராது நிற்க, அடுத்த எழுத்து அதன்கீழ் வந்து பொருந்துமாறு 'நகரா விசை'யை அமைத்தமை அவரது திறமை. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரை அழைப்பது அதனாலேயே. கணினி வந்தபோது அதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் எழுத்துருவை ஆக்கிக்கொண்டமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க இயலவில்லை. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனியெண் வழங்கும் ஒருங்குறி முறை 1991இல் வெளிவந்தபோது தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆயினும் அது எமது வீட்டுக் கணினிகளில் இயல்பாகப் புழங்க மேலும் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சென்றது. இன்று தொலைபேசியில் விரலால் தமிழ் எழுதும் பிள்ளைக்கு இவ்வரலாறு தெரியாது. தெரிந்திருந்தால், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவதற்கு அப்பிள்ளை சற்றுத் தயங்கும் என்று எண்ணுகின்றோம்.

எரிந்த நூலகமும் எரியாத நூலகமும்

கணினியின்மீது எமக்கு மெய்யான அன்பு உண்டானது எழுத்துருவினால் அன்று, ஒரு நூலினால். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. நாம் அப்போது சிறுபிள்ளை. தந்தையார் அடுத்தநாள் வீட்டிற் சமைத்ததை உண்ணவில்லை என்பது மட்டும் நினைவில் நிற்கின்றது.

2005இல் ஈழத்து இளைஞர் சிலர் 'நூலகம்' என்னும் பெயரில் இணையத்திலே ஓர் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். இலங்கைத் தமிழரின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் ஆகியவற்றை ஒளிவருடி, எவரும் எங்கிருந்தும் இலவசமாக வாசிக்கத் தந்தனர். அதற்கு முன்னரே, 1998இல், சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்னெடுப்பில் 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கத் தொடங்கியிருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க ஆண்டுகளிலிருந்து கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஈழத்தவரான இ. மயூரநாதன் அவர்கள். அவருக்கு 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது எமது ரொறன்ரோ நகரில் இயங்கும் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம். பெருநிறுவனம் எதுவும் பணம் போட்டுச் செய்த காரியங்கள் அல்ல இவை. வேலைக்குப் போய்வந்து, இரவிலே கண்விழித்து, பலர் கூடிச் செய்தவை.

நாம் இடம்பெயர்ந்தபோது பையிற் சுமந்துவந்த எமது பாடசாலையின் பழைய மலர் ஒன்று இருந்தது. ஓரங்கள் மழையில் நனைந்து பழுத்துவிட்டன. அதனை மகள் ஒரு மாலைப்பொழுதில் பக்கம் பக்கமாக ஒளிவருடித் தந்தாள். பெட்டிக்குள் இருந்தபோது அது எம்முடைய நினைவு. எண்ணிமமானபின்னர் அது அவ்வூர்ப் பிள்ளைகள் அனைவரினதும் ஆவணம். ஒரு கருவியை நம்புவதற்கு ஓர் ஆசிரியைக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

ஒன்பது நாட்கள்

2016இல் எமது பழைய மாணவர்கள் வட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கி எம்மையும் சேர்த்துக்கொண்டனர். மரநிழலில் இருந்து படித்த பிள்ளைகள் இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, மெல்பேர்ண், ரொறன்ரோ, கிளிநொச்சி என்று சிதறியிருந்தனர். காலையில் எழுந்தால் "வணக்கம் ரீச்சர்" என்று இருபது குரல்கள். இறந்துவிட்டான் என்று நாம் எண்ணியிருந்த ஒருவன் பிறான்ஸில் வெதுப்பகம் நடத்துவதை அக்குழுவிலேதான் அறிந்தோம். அன்று அழுத அழுகை மகிழ்ச்சியின் அழுகை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றே இலங்கை அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப், வைபர், யூரியூப் முதலியவற்றை முடக்கிற்று. வதந்தியைத் தடுப்பதற்காகவே என்று காரணம் கூறப்பட்டது.

அன்றிரவு எமது தொலைபேசிக்கு ஒரு குரற்பதிவு வந்தது. வன்னியிலே எமக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, அங்குள்ள முஸ்லிம் வர்த்தகர் ஒருவரின் வாகனத்தில் வெடிமருந்து கொண்டுசெல்லப்படுகின்றது, எச்சரிக்கையாய் இருங்கள் என்று ஓர் ஆண்குரல் கூறியது. வாகன இலக்கமும் கடையின் படமும் கூடவே வந்தன. பேசியவர் யாரென்று தெரியாது. அவர் கண்டவரா, கேட்டவரா என்று நாம் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து நேர்ந்துவிடுமே என்ற பதற்றத்தில் மாணவர் குழுவிலும், வேறு நான்கு குழுக்களிலும் அதனைப் போட்டோம். அவ்வளவும் ஒரு நிமிடத்துள் முடிந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்திலேதான் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வட்ஸ்அப் நிறுவனம் எல்லை வகுத்திருந்தது. ஒரு குழுவில் அன்று 256 பேர்வரை இருக்கலாம். ஐந்து குழுக்கள் என்றால் 1,280 பேர். டைனமோ சுற்றிய காலத்தில் ஒரு வதந்தி 1,280 பேரை அடைய எத்தனை நாட்கள் எடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குழுவிலிருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் "நன்றி ரீச்சர்" என்றனர். மேலும் பலருக்கு அனுப்பினர். ஆசிரியை சொன்னால் மெய்யாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அதனை மறுக்கக்கூடியவர்கள் அந்த ஊரவர்கள் மட்டுமே. அவர்களோ முடக்கத்தினால் எம் குழுவுக்குள் வர இயலாதிருந்தனர். ஆக, பொய் உலகெங்கும் உலாவியது. மெய் வாய் கட்டப்பட்டு ஊரில் இருந்தது.

ஏப்ரல் 30ஆம் திகதி முடக்கம் நீங்கிற்று. அன்று மாலை, மணலில் எழுதிப் படித்த அந்த மாணவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. குழுவில் அன்றி, எமக்குத் தனியாகவே எழுதியிருந்தார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் போட்ட கடைக்காரரை எங்களுக்குத் தெரியும். 90இல வெளிக்கிட்டுப் புத்தளத்தில அகதி முகாமில இருந்து, சண்டை முடிஞ்ச பிறகு திரும்பி வந்து கடை போட்டவர். அந்த வாகனத்தில அரிசிதான் ஏத்தினவர். இராணுவம் வந்து பார்த்திட்டு விட்டிட்டுது. ஆனால் சனம் இப்ப அவரின்ட கடைக்குப் போறேல்ல. பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பப் பயந்துகொண்டு இருக்கினம். ரீச்சர், நீங்கள்தானே எங்களுக்குக் கேட்கச் சொல்லித் தந்தனீங்கள், கண்டவரோ கேட்டவரோ எண்டு?"

அதனை வாசித்துவிட்டு நெடுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஒருசில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது நாம் பல்கலைக்கழக மாணவி. அம்மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஒக்டோபர் 30இல், நாமும் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தோம். ஓர் அகதி, ஸ்காபரோவிலே சூடான அறையில் இருந்துகொண்டு, இன்னோர் அகதியின் வாசலில் சந்தேகத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கின்றார். மூன்றாவது கேள்வி அதுதான்: யாருக்கு என்ன நேரும்?

குழுக்கள் ஐந்திலும் எமது தவறை ஒப்புக்கொண்டு எழுதினோம். முந்தைய செய்தியைப் பரப்பியவர்களுட் பலர் இதனைப் பரப்பவில்லை. அச்சத்துக்குக் கால் உண்டு, மன்னிப்புக்கு இல்லை. இரு வாரங்களின்பின், மே 13ஆம் திகதி, வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட செய்தி வந்தது. அந்த ஊரில் எதுவும் நடக்கவில்லை என்பதை மாணவி உறுதிப்படுத்தும்வரை எமக்கு உறக்கம் இல்லை.

எமது வீடுகளுக்குள்

இது இலங்கையோடு முடிந்துவிடும் கதையன்று. கனடாவின் இணையச் செய்திச் சட்டம் 2023இல் நிறைவேறியதைத் தொடர்ந்து, முகநூலையும் இன்ஸ்ரகிராமையும் நடத்தும் மெற்றா நிறுவனம் செய்திகளுக்குப் பணம் செலுத்த விரும்பாது, அவ்வாண்டு ஒகஸ்டிலிருந்து கனடாவில் உள்ளோருக்குச் செய்தி நிறுவனங்களின் பதிவுகளைத் தடுக்கத் தொடங்கியது. விளைவு யாது? பெயரும் முகவரியும் உள்ள பத்திரிகை எழுதியது அங்கே தெரியாது. பெயரில்லாத ஒருவர் பேசி அனுப்பிய குரற்பதிவு தடையின்றித் தெரியும். இலங்கையில் அரசாங்கம் செய்ததை இங்கு ஒரு நிறுவனம் வேறு காரணத்துக்காகச் செய்தது. இரண்டிலும் அடைபட்டது பொறுப்புக் கூறக்கூடியவரின் வாயே.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2024 மார்ச்சில் ரொறன்ரோ கல்விச் சபை உட்பட ஒன்ராறியோவின் நான்கு கல்விச் சபைகள், மாணவரின் கல்விக்கும் மனநலத்துக்கும் தீங்கு விளைத்ததாகச் சமூக ஊடக நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டு செப்டெம்பரிலிருந்து, ஒன்ராறியோவில் ஆறாம் வகுப்புவரை பாடசாலை நாள் முழுவதும் தொலைபேசியை ஒலியடக்கிப் பார்வைக்குப் படாது வைக்கவேண்டும் என்றும், ஏழாம் வகுப்புக்கு மேல் பாடநேரத்திற் பயன்படுத்தலாகாது என்றும் விதி வந்தது. அவுஸ்திரேலியாவோ 2025 டிசெம்பரிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதையே தடைசெய்துள்ளது. தடைகள் ஓரளவு பயன் தரலாம். ஆனால் மணி அடித்தபின்னர் பிள்ளை எங்கே வருகின்றது? எமது வீட்டுக்குத்தான். தந்தை இரவு வேலை, தாய் பகல் வேலை என்று ஓடும் வீட்டில், பிள்ளையோடு கூட இருப்பது அந்தத் தொலைபேசியே.

அகதிக் குடும்பங்களில் இன்னொரு தலைகீழ் நிலையும் உண்டு. வங்கிக் கடிதத்தையும் குடிவரவுத் திணைக்களத்தின் படிவத்தையும் வாசித்து விளக்குவது பிள்ளை. எட்டு வயதிலே எமது மகள் எமக்கு மொழிபெயர்த்தாள். தொழில்நுட்பத்தில் பிள்ளைதான் ஆசிரியர் என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகின்றனர். அது தவறு. எப்பொத்தானை அழுத்துவது என்பது பிள்ளைக்குத் தெரியும். எதை நம்புவது என்பது உங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடிகளையும் வதந்திகளையும் கடந்து குடும்பத்தை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த பெற்றோருக்குச் செய்தியைச் சோதிக்கத் தெரியாது என்று யார் சொல்வது?

அந்த அனுபவத்தை எமது அச்சம் சிலவேளை மறைத்துவிடுகின்றது. சென்ற ஆண்டு எமது அயல்வீட்டு முதியவர் ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. வருமான வரித் திணைக்களம் என்றும், உடனே பணம் கட்டாவிடின் கைதுசெய்து நாடு கடத்துவோம் என்றும் குரல் மிரட்டியது. பரிசு அட்டைகள் வாங்கி இலக்கங்களைச் சொல்லும்படி கேட்டது. முன்னொருகால் உண்மையாகவே கைதுக்கு அஞ்சி வாழ்ந்த மனிதர் அவர். கைநடுங்கக் கடைக்குப் புறப்பட்டார். மின்தூக்கியில் எம்மைக் கண்டு விடயத்தைச் சொன்னமையாற் பணம் தப்பியது. கனடிய வருமான வரித் திணைக்களம் ஒருபோதும் பரிசு அட்டையாகப் பணம் கேட்பதில்லை. கைதுசெய்ய ஆள் அனுப்புவோம் என்று மிரட்டுவதுமில்லை. அவ்வாறான அழைப்பு வந்தால் தொலைபேசியை வைத்துவிட்டு, கனடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கு 1-888-495-8501 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். இந்த இலக்கத்தை வெட்டிக் குளிரூட்டியிலே ஒட்டிவையுங்கள்.

சனிக்கிழமைகளில் நாம் தமிழ் வகுப்பு எடுக்கின்றோம். சென்ற மாதம் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தொலைபேசியை நீட்டி, "ரீச்சர், இது உண்மையா?" என்று கேட்டான். ஊர்க்கோயில் ஒன்று இடிந்து விழுவதுபோன்ற காணொளி. எமக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னோம். பின்னர் இருவருமாக இருந்து தேடினோம். யார் போட்டது? பெயர் இல்லை. எங்கு எடுத்தது? சொல்லப்படவில்லை. கோயிற் கோபுரத்தின் படிகளை எண்ணிப் பார்த்தபோது, ஒரு காட்சியில் ஐந்தும் மறு காட்சியில் ஏழுமாக இருந்தன. கணினி வரைந்த பொய்ப்படம் அது. கண்டவர் எவருமே இல்லாத காட்சி!

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எமது முன்னோர் சொல்லிவைத்ததன் முதற்பாதி இக்காலத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கின்றது.

அன்று டைனமோ சுற்றியவருக்குக் கை நோகும். அதனால் பயனில்லாத செய்திக்காக எவரும் மிதியைச் சுற்றவில்லை. இன்று செய்தியை அனுப்புவதற்கு விரல்கூட நோவதில்லை. ஆகவே, அந்த நோவை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. எமக்கென்று ஒரு விதி வகுத்துள்ளோம். பிறர் அனுப்பிய எந்தச் செய்தியையும் ஓர் இரவு வைத்திருந்து, மூன்று கேள்விகளையும் கேட்டு, காலையில் அனுப்புவது. இந்த ஆறு ஆண்டுகளில் காலைவரை உயிரோடு இருந்த செய்திகள் மிகச் சிலவே.

அந்தக் கடைக்காரர் இன்றும் அங்கே கடை நடத்துகின்றார். சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, மாணவியோடு சென்று ஒரு இறாத்தல் தேயிலை வாங்கினோம். நாம் யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லத் துணிவு வரவில்லை. மிச்சக் காசை எண்ணித் தந்துவிட்டு, "வெளிநாட்டிலிருந்தா வந்திருக்கிறீங்கள்?" என்று அன்போடு விசாரித்தார்.